ஒன்னாம் நம்பர் நட்சத்திரம்

ஹாலிஎல பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே எனக்கு ஒரு கொமினிகேசன் இருக்கிறது. போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புதல், கடிதம் எழுதுதல். எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதி எடுத்து, இலக்கமிட்டு, கடிதக் கோவையில் வைப்பது என் வழக்கம். ஆகவே கீழே வருவது எதுவும் ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டதல்ல. சந்தேகம் உள்ளவர்கள் கடைக்கு வந்து கோவையைப் பார்க்கலாம்.

மே மாதம் ஆறாந் திகதி, திங்கட்கிழமை, கடை திறந்ததும் கலாராணி வந்தாள். பதுளையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்பவள். கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்தாள்.

"அண்ணே, இந்தப் படத்தக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்க."

பார்த்தேன். ஏலமுற்றம் என்ற ஏலச் செயலியில் யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த பழைய புகைப்படம். "தோட்டத் தொழிலாளர் குழுப்படம், 1987, மரச்சட்டத்துடன், சிறு கறை உண்டு." பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்த பிறகு எடுத்திருக்க வேண்டும். மூன்று வரிசையாகப் பெண்கள், கூடைகளோடு.

"ரெண்டாவது வரிசை, எடது பக்கத்துலருந்து நாலாவது. எங்கம்மாண்ணே. இராக்கம்மா."

நான்காவது இடத்தில் முகம் இல்லை. படத்தின் குறுக்கே "ஏலமுற்றம்: நம்பிக்கையின் வாசல்" என்று நிறுவனத்தின் முத்திரை சாய்வாக ஓடியது. யாரும் படத்தைத் திருடாமலிருக்க அப்படிப் போடுவார்கள். நம்பிக்கை என்ற சொல் சரியாக அந்த முகத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.

"மொகம் தெரியலையே தங்கச்சி. எப்படிச் சொல்றீங்க?"

"கூடக் கயித்தப் பாருங்க. எல்லாரும் நடு உச்சியில போட்டிருக்காங்க. எங்கம்மா மட்டும் எடப்பக்கமா தள்ளிப் போடும். அந்த டிவிசன் பூரா தேடினாலும் அப்படி ஒருத்தியும் போட மாட்டா. பக்கத்துல நிக்கிறது எங்க சின்னம்மா, அவங்க மொகம் தெரியுதுல்ல."

2014 ஒக்டோபரில் மீரியபெத்தவில் மலை சரிந்து இறங்கியபோது கலாராணி பதுளையில் இருந்தாள். அம்மா வீட்டில் இருந்தார். வீடும் வீட்டிலிருந்ததும் மண்ணுக்குள் போயின. அம்மாவை எடுக்க முடியவில்லை. படம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே கலாராணிக்கு வேண்டியது அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த முகம். ஏலம் முடிவது மே இருபதாந் திகதி மாலை ஆறு மணிக்கு.

"எனக்குக் கணக்கு இல்லண்ணே. புதுசாத் தொறந்தா இதுக்கெல்லாம் கேக்க விடாதாம். நீங்க ஏலங் கேட்டுத் தாங்க."

இந்த இடத்தில் ஏலமுற்றத்தின் நட்சத்திர முறையை விளக்க வேண்டும். விற்பவருக்கு வாங்குபவர் நட்சத்திரம் போடுவார். வாங்குபவருக்கு விற்பவரும் போடுவார். இரு தரப்பும் சமம் என்பது நிறுவனத்தின் முதலாவது கொள்கை. வாங்குபவர் ஒன்றிலிருந்து ஐந்துவரை எதையும் அழுத்தலாம். விற்பவருக்கு ஐந்து மட்டுமே அழுந்தும். மற்ற நான்கும் திரையில் தெரியும், சமத்துவத்துக்காக.

நான் அதில் பழைய பொருட்கள் விற்று வந்தேன். நாற்பத்தொரு விற்பனை, நாற்பத்தொரு தடவையும் ஐந்து நட்சத்திரம். ஒரு பெண்மணி என்னிடம் குடை வாங்கி, மழைக்காலம் முழுவதும் பிடித்துவிட்டு, வெயில் வந்ததும் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: "நட்சத்திரம் இன்னும் போடவில்லை. யோசித்துச் சொல்லுங்கள்." யோசித்தேன். குடையைப் பெற்றுக்கொண்டு நன்றியும் எழுதினேன். ஐந்து வந்தது. இன்னொருவர் தன் மகளின் பூப்புனித நீராட்டுக்கு என்னை அழைத்தார். அழைப்பிதழின் பின்பக்கம், என்னிடம் வாங்கி இன்னும் நட்சத்திரம் போடாத பொருளின் இலக்கமும் இருந்தது. மற்ற முப்பத்தொன்பதும் ஏறத்தாழ இப்படித்தான். நானும் பிடியில்லாத ஒரு தேநீர்க் கெத்தலுக்கு ஐந்து போட்டிருக்கிறேன். அதை விற்றவருக்கு என் வீடு தெரியும்.

அந்தப் படம் "மரபுப் பொருள்" பிரிவில் இருந்தது. அதில் விலை கேட்க, கடந்த முப்பது நாளில் ஒரு நட்சத்திரக் கறைகூட, அதாவது ஐந்துக்குக் குறைந்த ஒரு மதிப்பீடுகூட, இருக்கக்கூடாது. எனக்கு இருக்கவில்லை. கேட்டேன். "நீங்களே முன்னணியில்" என்று பச்சை எழுத்தில் வந்தது. வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. கலாராணி முதல் தடவையாகச் சிரித்தாள்.

மே எட்டாந் திகதி, ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருக்கும் ஜெயலெட்சுமி அக்கா என்னிடம் ஏலத்தில் எடுத்த பிளாஸ்க் அவரிடம் போய்ச் சேர்ந்தது. நாற்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். இளைப்பு இருப்பதால் சுடுதண்ணீர் கையோடு வேண்டும். குவைத்திலிருக்கும் மகள் கொடுத்த கைத்தொலைபேசியில் தானே விலை கேட்டு, தானே வென்ற முதல் பொருள் அது. அன்று மாலை அவர் மதிப்பீடு வந்தது. எழுத்தில்: "தங்கமான சாமான். காலையில ஊத்துனா பொழுது சாயவும் சுடுது. நீங்க நல்லா இருக்கணும்." நட்சத்திரம்: ஒன்று.

ஒன்பதாந் திகதி காலை என் கணக்கு "கண்காணிப்பில்" என்று சிவந்தது. படத்துக்கான என் விலைக் கேள்வி இரத்தாயிற்று.

செயலியில் முறைப்பாட்டுக்கு ஏலத்தோழன் என்ற இயந்திரம் பதில் சொல்லும். வாங்கியவரின் எழுத்தையும் நட்சத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதினேன். "எழுத்தும் இலக்கமும் முரண்பட்டால் இலக்கமே செல்லும். எழுத்து உணர்ச்சிவசப்படும்," என்றது. பிறகு தன் சேவைக்கு நட்சத்திரம் கேட்டது. பயத்தில் ஐந்து போட்டேன்.

மே பதினோராந் திகதி நானே தோட்டத்துக்கு ஏறினேன். அக்கா லயத்து வீட்டு வாசலில் பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி! பாத்தீங்களா, ஒன்னு போட்டு விட்டேன்!"

"பார்த்தேன்க்கா. ஏன் ஒன்னு?"

"பின்ன? சாமான் அப்படி. நம்ம கேங்கு எப்பவும் ஒன்னாம் நம்பரு. ஃபேக்டரி போர்டுல வருசக்கணக்கா ஒன்னுன்னுதான் போட்டிருந்தான். எம்மக பள்ளிக்கூடத்துல ஒன்னாவதா வந்தா. அஞ்சுன்னா என்ன தெரியுமா? அஞ்சாம் நம்பர் மல. பூரா அட்ட, பூரா முள்ளு, கொழுந்து ஒரு கைப்பிடி இருக்காது. அந்த மலைக்குப் பேர் போட்டாலே காய்ச்சல்னு படுத்துக்குவாளுக. ஒங்களுக்குப் போயி அஞ்சு குடுப்பேனா? நான் என்ன நன்றிகெட்டவளா?"

நான் விளக்கினேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அட பாவமே! ஒரு நல்ல மனுசன அஞ்சாம் நம்பர் மலைக்கு அனுப்பிட்டேனே! குடுங்க, இப்பவே மாத்துறேன்."

மாற்றினார். ஐந்து நட்சத்திரமும் மஞ்சளாக எரிந்தன. நான் பிளேன்டீ குடித்துவிட்டு இறங்கினேன். கடைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த அறிவித்தல் வந்திருந்தது. "மதிப்பீடு மாற்றப்பட்ட வேளையில் விற்பவரின் தொலைபேசியும் வாங்குபவரின் தொலைபேசியும் ஒரே இடத்தில் இருந்துள்ளன. நட்சத்திர வற்புறுத்தல், முதலாவது குற்றம். வாங்குபவரின் சுயமான முதல் மதிப்பீடு மீளமைக்கப்பட்டது. வாங்குபவரே, உங்களைப் பாதுகாத்துவிட்டோம்."

பதின்மூன்றாந் திகதி கலாராணியும் நானும் பதுளையிலுள்ள பிராந்திய நம்பிக்கை நிலையத்துக்குப் போனோம். மாடிப்படி முடிவில் ஒரு காவலாளி. கைத்தொலைபேசிகளை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அடுத்து ஒரு திரையைக் காட்டி, "இன்றைய சேவைக்கு நட்சத்திரம் போடுங்க," என்றார்.

"இன்னும் உள்ளயே போகலையே?"

"போட்டாத்தான் டோக்கன் வரும். முறைப்பாடு இருக்கு தானே? முறைப்பாடு இல்லாத ஆளுக்கு டோக்கன் இல்ல."

இருவரும் ஐந்து அழுத்தினோம். டோக்கன் வந்தது.

உள்ளே பளபளப்பான வெள்ளைச் சுவர். நடுவில் இரண்டு ஆணி, ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. நம்பிக்கை உத்தியோகத்தர் யசோதினி எழுந்து நின்று கும்பிட்டார். முன்கூட்டியே ஐந்து பெற்றுவிட்டவரின் நிம்மதி முகத்தில் இருந்தது. நான் கேட்காமலேயே விளக்கினார்.

"முன்பு சேவை முடிந்த பிறகுதான் மதிப்பீடு வாங்கினோம் ஐயா. அதில் ஒரு குறை கண்டோம். கிடைத்த சேவை மதிப்பீட்டைப் பாதித்தது. இப்போது அந்தப் பாதிப்பு அறவே இல்லை."

என் கடிதத்தை, இலக்கம் 3, நீட்டினேன். பொறுமையாக வாசித்தார்.

"வாங்கிய அம்மா தவறுதலாக ஒன்று போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் முறையில் வாங்குபவர் தவறு செய்வதில்லை."

"தவறுதான்னு அவங்களே சொல்றாங்க அம்மணி."

"அவர் சொல்லலாம். அவர் தவறு செய்யவில்லை என்று அவருக்காக வாதாடுவது எங்கள் கடமை. அவருக்கெதிராகவும்கூட."

"நானும் வாங்குகிறவன்தான். அதே கணக்கில்தான் வாங்குகிறேன்."

கணினியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆமாம், தங்க வாங்குநர்! உங்கள் சொல்லை நாங்கள் ஒருபோதும் சந்தேகிப்பதில்லை ஐயா." மற்றப் பக்கத்தைத் திறந்தார். முகம் மூடிக்கொண்டது. "ஆனால் இன்று விற்பவராக வந்திருக்கிறீர்கள்."

கலாராணி மெதுவாகச் சொன்னாள். "மிஸ், அந்தப் படத்துல இருக்கிறது எங்கம்மா. வேற படம் இல்ல. இருவதாந் திகதி முடியுது. வேற ஒருத்தரும் கேக்கல."

யசோதினி உண்மையாகவே வருந்தினார். கண்கூடக் கலங்கியது. "எங்களுக்கு மனிதாபிமானம் உண்டு தங்கச்சி. அதற்கென்று ஒரு பிரிவே கொழும்பில் இருக்கிறது. பழைய படங்களின் அருமை எனக்குத் தெரியாதா? இந்தச் சுவரைப் பாருங்கள். இந்தப் பகுதி மக்களை நினைவுபடுத்தும் ஒன்றை மாட்டச் சொல்லித் தலைமையகம் மூன்று தடவை எழுதிவிட்டது. வெறுமையாக இருக்கிறதே என்று தினமும் வேதனைப்படுகிறேன்."

பிறகு எனக்கு வழி சொன்னார். வாங்கியவருக்கு ஏற்பட்ட திருப்தியின்மைக்கு நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் கறை நீங்கும்.

"அவங்களுக்குத் திருப்தியின்மையே இல்லையே."

"அப்படியானால் மன்னிப்பது சுலபம்."

கடிதம் இலக்கம் 4 அன்றே போயிற்று. நிறுவனத்தின் மாதிரிப் படிவத்தில்தான் எழுத வேண்டும். சொற்களை மாற்ற முடியாது. "என் பொருளால் தங்களுக்கு ஏற்பட்ட மன உளைச்சல், உடற்சேதம், பொருட்சேதம் ஆகியவற்றுக்காக மன்னிப்புக் கோருகிறேன்." மூன்று நாளில் மூன்று தடவை அனுப்பினார்கள், மும்மொழியிலும்.

பதினாறாந் திகதி ஜெயலெட்சுமி அக்கா பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார். பிளாஸ்க்கைத் துணியில் சுற்றி, உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. இதுல என்ன இருக்கு?"

"ஒன்னுமில்லக்கா."

"ஒன்னுமில்லாமலா ஒரு மனுசன் மூனு தடவ மன்னிப்புக் கேப்பான்? ஒடம்புக்குச் சேதம்னு எழுதியிருக்கு. அடுத்த வீட்டுக் காம்பராக்காரி வெடிச்சிரும்ங்கிறா. மூனு நாளா சுடுதண்ணி இல்லாம மூச்சு வாங்குது எனக்கு."

கலாராணி அப்போது கடையில் இருந்தாள். பிளாஸ்க்கை வாங்கி, என் கெத்தலிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி, மூடி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா வாசலுக்கு வெளியே நின்று பார்த்தார். அரை மணித்தியாலம் போனது. வெடிக்கவில்லை. உள்ளே வந்து கலாராணி பக்கத்தில் உட்கார்ந்தார். படத்தின் கதையை அவளே சொன்னாள். அக்கா கேட்டுவிட்டுத் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"கயித்த எடப்பக்கம் போடுமா ஒங்கம்மா? கழுத்துல மத்தப் பக்கம் நோவு இருந்திருக்கும். நாங்கெல்லாம் அப்படித்தான் மாத்துவோம். நான் வந்து சாட்சி சொல்றேன் புள்ள. எங்க வேணும்னாலும் சொல்றேன்."

எனக்குத் திடீரென்று பயம் வந்தது. "அக்கா, ஒங்க ஃபோன் எங்க?"

"வீட்ல பானைக்குள்ள போட்டு மூடிட்டு வந்தேன். அது கோள் சொல்லுமே."

நிறுவனத்தை எங்கள் மூவரில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

வீடு திரும்பியதும் மன்னிப்பை அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றதால் சேதம் நடந்தது நிரூபணமாயிற்று என்றும், கறை நீங்கும் ஆனால் முப்பது நாள் கழித்தே நீங்கும் என்றும் பதில் வந்தது. ஏலம் முடிய நாலு நாள் இருந்தது.

பதினேழாந் திகதி வேறு வழி பார்த்தேன். பதுளையில் தொலைபேசிப் பாகங்கள் விற்கும் மொஹிதீன் நானாவுக்கும் ஏலமுற்றத்தில் கணக்கு உண்டு. வீட்டுச் செலவே அதில்தான் ஓடுகிறது. கறை இல்லாத மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கென்ன அண்ணே, உம்மாட படம்னா சும்மாவா," என்று தன் கடையிலிருந்தே கேட்டார். பச்சை எழுத்து வந்தது. மாலையில் என் கடைக்கு வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணே, போன நோன்புக்கு முந்தி ஒங்கட கடையில நிண்டு ரெண்டு நிமிசம் வைஃபை போட்டேன், ஞாபகமா?"

"இல்லையே நானா."

"அவனுக்கு ஞாபகம் இருக்கு."

அவருடைய கணக்கும் "சந்தேகத்துக்குரிய உறவு" என்று சிவந்திருந்தது. விற்பனைக்குப் போட்டிருந்த நூற்றுப் பதினெட்டுப் பொருளும் மறைந்துவிட்டன. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "இனி என்ன பாத்தா சிரிக்காதீங்க அண்ணே, கமரா எங்க இருக்குமோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் ஒவ்வொருவரையும் உள்ளே இழுத்துப் போட்டுவிடும் என்று தெரிந்துவிட்டது. கலாராணியும் வற்புறுத்தவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, "இன்னும் யாரும் கேக்கலண்ணே," என்று மட்டும் சொல்வாள். அதுதான் எங்கள் நம்பிக்கை. கேட்க ஆளில்லாவிட்டால் படம் திரும்பவும் ஏலத்துக்கு வரலாம் அல்லவா?

மேன்முறையீட்டு விசாரணையை மே இருபதாந் திகதி மாலை ஐந்து மணிக்குக் கொடுத்தார்கள், காணொளியில். நான் கடையிலிருந்து பேச வேண்டும். சாட்சி என்னிடமிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருக்க வேண்டும். அக்காவின் லயத்தில் காணொளிக்குப் போதுமான சிக்னல் இல்லாததால் அவர் மேலே ஒரு பாறையில் ஏறி நின்றார். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் கைத்தொலைபேசி, கக்கத்தில் பிளாஸ்க்.

விசாரணை தொடங்குமுன் எல்லோரும் குழுவுக்கு நட்சத்திரம் போட்டோம். பின் தலைவர் உரையாற்றினார். இருபத்தைந்து நிமிடம். அதில் முக்கியமான பகுதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

"இந்தக் குழு இதுவரை ஆயிரத்து இருநூறு மேன்முறையீடுகளைக் கேட்டிருக்கிறது. எமது சராசரி ஐந்துக்கு ஐந்து. மேன்முறையீடு செய்தவர்களே தந்தது. அவர்களில் ஒருவர்கூட வென்றதில்லை. ஒருவர்கூட அதிருப்தி தெரிவித்ததுமில்லை. தோற்றவனையும் திருப்திப்படுத்தும் நீதி இந்த நாட்டில் வேறெங்கே இருக்கிறது? சிலர் கேட்கிறார்கள், விற்பவருக்கு ஏன் வாய் இல்லை என்று. வாய் இருக்கிறது. சிரிப்பதற்கு."

மற்ற இரு உறுப்பினர்களும் கைதட்டினார்கள். என் மேசையின் மறுபக்கம், படத்தில் விழாத இடத்தில், கலாராணி தன் கைத்தொலைபேசியில் ஏல மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து முப்பத்தொன்று.

"சாட்சி ஏன் மழையில் நிற்கிறார்? விற்பவர் நிற்கச் சொன்னாரா?"

"இல்லீங்க, ஒங்க சிக்னல் நிக்கச் சொல்லுது," என்றார் அக்கா. "ஐயா, சுருக்கமாச் சொல்லிர்றேன். சாமான் நல்ல சாமான். நான்தான் வெவரந் தெரியாம ஒன்னு போட்டேன். இந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல. அந்தப் புள்ளைக்கு அவங்கம்மா படம் வேணும். அத விட்ருங்க. வேற என்ன கேக்கணும், கேளுங்க."

தெளிவான சாட்சியம். தலைவர்கூட ஒரு கணம் தடுமாறினார். பக்கத்திலிருந்தவர் ஒரு தாளை நகர்த்தினார்.

"நன்றி அம்மா. சாட்சியத்தைப் பதிவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி, விதிப்படி. நீங்கள் இப்போது யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், எவ்வளவு சுதந்திரமாகப் பேசுகிறீர்கள்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்."

நான் எழுந்தேவிட்டேன். கலாராணி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் குரல் கேட்டால் வற்புறுத்தலாகிவிடும்.

அக்கா குடையைக்கூடக் கீழே விட்டுவிட்டு, நிமிர்ந்து நின்று, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

"ஒன்னுங்க ஐயா! ஒன்னாம் நம்பர் சொதந்திரம்!"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். சாட்சி கடுமையான அச்சுறுத்தலின் கீழ் பேசியிருப்பது அவர் வாயாலேயே வெளிப்பட்டுவிட்டதென்றும், அப்படிப்பட்ட நிலையிலும் துணிந்து ஒரு விரலைக் காட்டிய தாய்க்கு நிறுவனம் தலைவணங்குகிறதென்றும் சொன்னார். என் கணக்கு ஒரு வருடத்துக்கு மூடப்பட்டது. அக்காவுக்கு "துணிச்சலான வாங்குநர்" என்ற பட்டம் அறிவிக்கப்பட்டது. அவர் மழையில் நின்று, "நட்சத்திரத்துக்குத்தான அஞ்சுன்னு சொன்னாங்க! இது நட்சத்திரமில்லையே! ஏய், கேளுங்கப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒலியை நிறுத்திவிட்டார்கள். வாய் மட்டும் அசைந்தது.

ஐந்து ஐம்பத்தெட்டு. கலாராணி கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள். "அண்ணே, யாரோ கேட்டுட்டாங்க."

ஆறு மணிக்கு ஏலம் முடிந்தது. எடுத்தவர் பெயர் மறைத்திருந்தது. படமும் பக்கத்திலிருந்து போய்விட்டது, எழுத்து மூடிய அந்த முகத்தோடு.

தீர்ப்பை எதிர்த்து ஒரு முறைப்பாடு எழுதினேன். பயன் இருக்குமென்றல்ல, கோவையில் ஓர் இலக்கம் விடுபடக்கூடாது. ஜூன் மூன்றாந் திகதி அதைக் கொடுக்க இருவரும் பதுளைக்குப் போனோம். கைத்தொலைபேசியைக் கொடுத்தோம், ஐந்து அழுத்தினோம், டோக்கன் எடுத்தோம். கதவைத் திறந்ததும் கலாராணி அப்படியே நின்றுவிட்டாள்.

வெள்ளைச் சுவரில், இரண்டு ஆணிகளில், மரச்சட்டம் தொங்கியது. முத்திரை இல்லாத படம். இரண்டாவது வரிசை, இடமிருந்து நான்காவது. கண் சுருங்கியிருந்தது, வெயில் நேரே அடித்திருக்கும். கீழுதட்டைக் கொஞ்சம் மடித்து, சிரிப்பை அடக்குகிற மாதிரி.

"என்னய மாதிரியே இருக்குல்லண்ணே," என்றாள்.

யசோதினி ஓடி வந்தார். "பார்த்தீர்களா? கடைசி நிமிடத்தில் எடுத்தோம். கேட்பதற்குத் தகுதியுள்ள ஒருவர்கூட இல்லை, வீணாகிவிடப் பார்த்தது. இப்போது உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் நாங்கள் மக்களோடு இருக்கிறோம் என்று தெரியும்."

ஒரு பிரதி எடுத்துத் தரும்படி கேட்டேன்.

"தாராளமாக. ஆனால் நிலுவையில் முறைப்பாடு உள்ளவர்களுக்கு நிறுவனச் சொத்தின் பிரதி கொடுக்க முடியாது."

"வாபஸ் வாங்கிவிடுகிறோம்."

"நல்லது. அதன்பிறகு விண்ணப்பப் படிவத்தை இந்த மேசையில் வந்து பெற்றுக்கொள்ளலாம்." கொஞ்சம் யோசித்தார். "முறைப்பாடு இல்லாதவர்களுக்கு டோக்கன் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்."

கலாராணி அதைக் கேட்கவில்லை. படத்துக்கு நேரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இலக்கம் கூப்பிட்ட பிறகும் எழும்பவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவளுக்கு டோக்கன் கிடைக்க நான் எதைப் பற்றியாவது ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுக்கிறேன். டோக்கன் இயந்திரத்தின் சத்தம். வாசல் மிதியடி. சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்துவது. திங்களன்று அவளுக்குக் கடை பத்து மணிக்குத்தான், ஒன்பதிலிருந்து அந்தப் படத்தின் முன் உட்கார்ந்திருப்பாள். உள்ளே போகுமுன் தவறாமல் ஐந்து அழுத்துவாள். மிகத் திருப்தியான வாடிக்கையாளர் என்று வருட முடிவில் அவளுக்கு ஒரு சான்றிதழும் கிடைத்தது. ஜெயலெட்சுமி அக்கா பஸ்ஸில் கண்டால், "ஒங்கம்மா எப்படி இருக்கு புள்ள?" என்று கேட்பார். "ஒன்னாம் நம்பருக்கா," என்பாள் இவள்.

ஒரே ஒரு தடவைதான் பயந்தோம். அவள் உட்காரும் நாற்காலியின் கால் ஆடுகிறதென்று கடிதம் இலக்கம் 19இல் எழுதியிருந்தேன். அடுத்த வாரம் ஒரு தச்சர் வந்து, குனிந்து, காலை அளந்து, எழுதிக்கொண்டு போனாராம். அது சரியாகிவிட்டால் இன்னொன்று எழுதலாம், ஆனால் இப்படி ஒவ்வொன்றாகத் தீர்க்கத் தொடங்கினால் முறைப்பாட்டுக்கு நான் எங்கே போவேன்? கலாராணி கடைக்கு வந்து கேட்டாள்: "அண்ணே, நெசமாவே செஞ்சு குடுத்துருவாங்களோ?"

ஏழு மாதமாகிறது. தச்சர் திரும்பி வரவில்லை. அவர்களை அந்த அளவுக்கு நம்பலாம்.